ரைஸ்மில்லின் ஐந்தாவது படம்

திருவான்மியூர் குப்பத்தில் போய் டயானா வீடு எது என்று கேட்டால், எந்த டயானா என்பார்கள். அந்தப் பெயரில் அங்கே நான்கு பேர். பாழடைந்த கட்டடத்தைப் படம் பிடிக்கிற டயானா என்று சொல்லிவிட்டால் போதும், படகுகள் ஏற்றி வைத்திருக்கும் மணலைத் தாண்டி மூன்றாவது சந்து என்று கை காட்டிவிடுவார்கள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. அம்மா தேசம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். பிளஸ் டூ முடித்ததும் டயானா அடையாறில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களின் தாடையை நிமிர்த்தி வைப்பதில் தொடங்கி, சர்ச்சில் புதுநன்மை, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று எல்லாம் எடுக்கக் கற்றுக்கொண்டாள். அவளுடைய சொந்தக் கல்யாணம் இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. எல்லோர் கையிலும் நல்ல கேமராவோடு போன் வந்த பிறகு ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். அப்போது ஒரு தெரிந்தவர் மூலமாகத்தான் கஸ்தூரிரங்கனின் அலுவலகத்துக்குப் போனாள்.

கஸ்தூரிரங்கன் மயிலாப்பூர்க்காரர். என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். காந்தி நகரில் ஒரு மாடியறையில் கட்டடங்களை அளந்து அறிக்கை கொடுக்கும் சிறிய அலுவலகம் வைத்திருந்தார். மதுராந்தகத்துக்கு அப்பால் வயல்களை ஊடுருவி ஓர் அகலமான சாலை வரவிருந்தது. அதன் பாதையில் விழுகிற கட்டடங்களை இடிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படமெடுத்து, யாருடையது, யார் குடியிருக்கிறார்கள், என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கும் வேலையில் ஒரு பகுதி அவருக்குக் கிடைத்திருந்தது. பெரும்பாலும் யாரும் புழங்காமல் விட்டுப்போன கட்டடங்கள். ஓடு சரிந்த பள்ளிக்கூடம், பூட்டிப்போன பால் சொசைட்டி, பம்ப்செட் அறை, திரையில்லாத டூரிங் கொட்டகை.

ஒரு கட்டடத்துக்கு ஐந்து படம். வெளியே நான்கு பக்கமும் நான்கு, உள்ளே ஒன்று. எண் எழுதிய சிலேட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்து எடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் படிவத்தில் ‘காலி’ என்று எழுதி, மாலையில் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட வேண்டும். இடிக்கிற ஒப்பந்தக்காரரின் ஆட்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவள் ‘காலி’ என்று போட்ட இரண்டு மூன்று நாளில் அந்த இடத்தில் செங்கல் குவியல்தான் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதம் கழித்துத்தான் அது அவளுக்கு உறைத்தது. எடுத்த ஒரு பள்ளிக்கூடத்தை இன்னொரு முறை பார்க்கலாம் என்று போனபோது அங்கே ரோடு ரோலர் நின்றது. அன்றிலிருந்து ஐந்து படம் முடிந்ததும் தனக்கென்று ஆறாவதாக ஒன்று எடுக்க ஆரம்பித்தாள். கரும்பலகையின் மூலையில் அழியாமல் நின்ற வருகைக் கணக்கு, கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்துக்குப் போட்ட பென்சில் கோடு, பால் சொசைட்டிச் சுவரில் யாரோ யாரையோ திட்டி எழுதியது. சனிக்கிழமை மத்தியானங்களில் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஓட விடுவாள். தேசம்மா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். யாரும் இல்லாத வீட்டை எதற்காக இப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்பாள், ஆனால் எழுந்து போகமாட்டாள்.

நான்கு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கட்டடங்கள். அதில் நானூற்று ஏழாவது, சிற்றேரிப்பாக்கம் என்கிற ஊரின் ரைஸ்மில்.

அது ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அவள் எடுத்தவற்றில் அது எட்டாவது. காலையிலிருந்து ஸ்கூட்டரில் வெயிலில் சுற்றியதில் கண் எரிந்தது. மில்லின் முன்கதவில் துருவேறிய பூட்டு தொங்கியது. சாவி சொந்தக்காரரின் மகனிடம் இருந்தது. அவர் கோயம்புத்தூரில் இருந்தார். பூட்டியிருந்தால் கிராம நிர்வாக அலுவலரை வரவழைத்துத் திறந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அவருக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. மில்லைச் சுற்றி வந்து நான்கு படமும் எடுத்தாள். பின்பக்கச் சுவரில் உமி தள்ளுகிற ஓட்டை ஒன்று இருந்தது. அதைத் தென்னங்கீற்று வைத்து மறைத்திருந்தார்கள். யார் மறைத்திருப்பார்கள் என்று அவள் யோசிக்கவில்லை.

பக்கத்துச் சன்னலில் கம்பி மட்டும் இருந்தது, கதவு இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். வெளிச்சத்தில் நின்ற கண்ணுக்கு இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று இரண்டு முறை சத்தமாகக் கேட்டாள். பதில் இல்லை. கம்பிக்கு நடுவே கையை உள்ளே விட்டு, பிளாஷ் போட்டு இரண்டு படம் எடுத்தாள். படிவத்தில் காலி என்று எழுதினாள். மாலையில் குழுவிலும் போட்டாள். அன்று ஆறாவது படம் எடுக்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். காந்தி நகர் அலுவலகத்தில் உட்கார்ந்து படங்களை அறிக்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். மில்லின் உட்புறப் படம் இருட்டாக இருந்ததால் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினாள். நெல் ஊறப்போடுகிற சிமென்ட் தொட்டிகள் வரிசையாகத் தெரிந்தன. இரண்டாவது தொட்டிக்குப் பக்கத்தில், தரையில், வெளுப்பாக ஏதோ இருந்தது. மூட்டை என்று நினைத்துப் பெரிதாக்கினாள்.

அது ஒரு கால். கணுக்கால் வரை சேலை. இரண்டாவது விரலில் மெட்டி.

மேலே ஓடிய மின்விசிறியின் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. பிணம் என்றுதான் முதலில் நினைத்தாள். கை தானாகவே அடுத்த படத்தைத் திறந்தது. நான்கு விநாடி கழித்து எடுத்தது. அதே தொட்டி, அதே தரை. கால் அங்கே இல்லை.

பிணம் காலை நகர்த்தாது. உள்ளே ஒருத்தி உயிரோடு இருந்திருக்கிறாள்.

போனை எங்கே வைத்தோம் என்று மேஜை முழுக்கத் தேடினாள். அது அவள் இடது கையிலேயே இருந்தது. குழுவைத் திறந்தாள். காலை ஏழே முக்காலுக்கு இடிப்பு வேலை மேற்பார்வையாளர் வலியுல்லா போட்ட செய்தி இருந்தது. ‘407 வேலை ஆரம்பம்.’ கூடவே ஒரு படம். மில்லின் முன்னால் மஞ்சள் பொக்லைன், அதன் கை மேலே தூக்கியிருந்தது.

வலியுல்லாவுக்கு மூன்று முறை அடித்தாள். எந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. நான்காவது முறை எடுத்தார். நிறுத்துங்கள், உள்ளே ஆள் இருக்கிறது என்று இவள் சொன்னது அவருக்குப் புரியவே நேரமாயிற்று. புரிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

“நீங்கதானே மேடம் காலின்னு போட்டீங்க?”

முதலில் நிறுத்துங்கள் என்றாள் அவள். வேலையை நிறுத்துகிறேன் என்றார். முன் சுவரும் பாதிக் கூரையும் ஏற்கெனவே கீழே வந்துவிட்டது என்றும் சொன்னார்.

கஸ்தூரிரங்கன் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திரையைக் காட்டினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். எழுந்து கார் சாவியை எடுத்தார்.

கிண்டி, தாம்பரம், செங்கல்பட்டு என்று இரண்டு மணி நேரப் பயணம். பரனூர் சுங்கச்சாவடியில் கார்கள் வரிசையாக நின்றன. முன்னால் நின்ற பேருந்தின் பின்பக்கத்தையே டயானா வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலியுல்லா இரண்டு முறை பேசினார். ஆட்கள் உள்ளே போய்க் குரல் கொடுத்துப் பார்த்தார்களாம், ஒரு சத்தமும் இல்லையாம். அந்தப் பொம்பளை நேற்றே போயிருப்பாள் என்றார். கஸ்தூரிரங்கன் அதையே பிடித்துக்கொண்டார். போயிருப்பாள், நிச்சயமாகப் போயிருப்பாள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கார் கண்ணாடியெல்லாம் இறக்கியிருந்தது, வெளியே அனல். டயானாவுக்குக் குளிர்ந்தது.

சிற்றேரிப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மில்லின் பின்பாதி மட்டும் நின்றது. தகரமும் உத்தரமும் செங்கல்லும் ஒன்றாகக் கிடந்தன. வலியுல்லா நாற்பத்தைந்து வயதுக்காரர், சைதாப்பேட்டை. அவள் காட்டிய படத்தைப் போனில் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மூணு வாட்டி ஹாரன் அடிச்சேன் மேடம். ஹாரன் அடிக்காம நான் கை வெச்சதே கெடையாது. அல்லா சத்தியமா அடிச்சேன்.”

அதற்குள் சாலையோரத்து டீக்கடையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். சம்பூர்ணம் என்று பெயர். காலையில் அவள் கடை திறக்கவில்லை, அச்சிறுபாக்கத்தில் ஒரு காரியத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். இடிந்து கிடந்ததைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“கன்னியம்மா எங்க? உள்ள கன்னியம்மா இருப்பாளே.”

கூப்பிட்டுப் பார்த்தோம், குரலே இல்லை என்றார் வலியுல்லா.

“அவளுக்குக் காது கேக்காதுய்யா. பொறந்ததுலேருந்தே கேக்காது. பேச்சும் கெடையாது.”

எந்திரத்தை வைத்து அள்ளினால் மேலும் சரியும் என்று கையாலேயே எடுக்க ஆரம்பித்தார்கள். பொக்லைன் டிரைவர், வலியுல்லா, நான்கு ஆட்கள், சம்பூர்ணம், டயானா. எழுபது வயதில் கஸ்தூரிரங்கன் வெள்ளைச் சட்டையோடு செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தொட்டி எங்கே இருந்தது என்று டயானாவுக்குத்தான் தெரியும். படத்தைப் பார்த்துப் பார்த்து இடத்தைக் காட்டினாள். முதலில் ஓர் அலுமினியத் தூக்கு அகப்பட்டது. அதில் சோறு இருந்தது. தண்ணீர் ஊற்றிய சோறு, இன்னும் புளிக்கவில்லை.

வளைந்த தகரம் ஒன்றை நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அதன் கீழே தொட்டி. தொட்டிக்குள் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தாள். உடம்பு முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. தகரத்தோடு விழுந்த உத்தரத்தின் ஒரு முனை தொட்டியின் விளிம்பில் மாட்டி நிற்க, மறுமுனை அவள் இடுப்பின்மேல் இருந்தது. தூசிக்கு நடுவே கண் மட்டும் திறந்திருந்தது. அந்தக் கண் ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. சம்பூர்ணத்தைக் கண்டதும் நின்றது.

உயிர் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். டயானா அப்படியே பின்னால் சாய்ந்து செங்கல்மேல் விழுந்தாள். முதுகில் வாங்கிய வெட்டு அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் வரும்வரை சம்பூர்ணம் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இதுதான். கன்னியம்மா பன்னிரண்டு வயதில் அந்த மில்லுக்கு நெல் காயவைக்கிற வேலைக்கு வந்தவள். கட்டியவன் எப்போதோ போய்விட்டான். முதலாளி இறந்து மில்லைப் பூட்டியபோது எல்லோரும் போனார்கள், போக இடமில்லாததால் அவள் போகவில்லை. ஒன்பது வருடமாக உமி ஓட்டை வழியாகப் போய் வந்துகொண்டிருந்தாள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் சொல்லவில்லையே என்று கஸ்தூரிரங்கன் கேட்டார். அதற்குச் சம்பூர்ணம் நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

“ரெண்டு வருஷமா எத்தினியோ பேரு வந்தீங்க. பட்டா யாரு பேர்ல கீதுன்னு கேட்டீங்க. கரன்ட் பில்லு யாரு பேர்ல வருதுன்னு கேட்டீங்க. உள்ள யாருனா கீறாங்களான்னு ஒருத்தரும் எங்கிட்ட கேக்கலியே.”

டயானா ஆம்புலன்ஸில் கூடவே போனாள். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, விலா எலும்பு இரண்டு நொறுங்கியிருக்கிறது, பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். மாலையில் கஸ்தூரிரங்கன் அவளைக் காரில் அழைத்துக்கொண்டு திரும்பினார். கார் வண்டலூரைத் தாண்டியது. சாலையைப் பார்த்துக்கொண்டே அவர் மெல்ல ஆரம்பித்தார்.

“உள்ளே போய்ப் பார்த்தேன், அப்போ யாரும் இல்லைன்னு எழுதிடும்மா. நீ எடுத்துண்டு போனதுக்கு அப்புறம் அவ வந்திருக்கலாம் இல்லையா?”

“போட்டோல கால் கீதே சார்.”

“அந்தப் படம் இன்னும் யார்கிட்டேயும் போகலையே.”

“போய்டுச்சு சார். தொட்டிகிட்ட உக்காந்துகினே நெலம் எடுக்கற அதிகாரிக்கு அனுப்பிட்டேன். நான் உள்ள போகலன்னும் எழுதிட்டேன்.”

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கோபப்படவில்லை. என் கையெழுத்தும் அந்தப் படிவத்தில் இருக்கிறது, ஒரு நாளாவது உள்ளே போனாயா என்று உன்னைக் கேட்டிருக்கிறேனா என்று மட்டும் சொன்னார். மறுநாள் அவரும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். விசாரணை நடந்தது. நான்கு மாதம் அலுவலகத்துக்கு வேலையே வரவில்லை.

பத்து நாள் கழித்து டயானா மருத்துவமனைக்குப் போனாள். சம்பூர்ணமும் வந்திருந்தாள். கன்னியம்மா கட்டிலில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தாள். ஐம்பது வயது இருக்கலாம். டயானா யார் என்று சம்பூர்ணம் கை ஜாடையில் சொன்னாள். சன்னலைக் காட்டுவது போல விரல்களைக் கம்பியாக்கி, அதற்கு நடுவே கையை விட்டு, பளிச்சென்று விரித்துக் காட்டினாள். கன்னியம்மாவுக்குப் புரிந்தது. வேகமாகத் தலையை ஆட்டினாள்.

டயானா பத்து நாளாக மனதுக்குள் ஒன்றைச் சொல்லிச் சொல்லி அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கன்னியம்மா என் கையைப் பார்த்துப் பயந்து காலை இழுத்துக்கொண்டாள், ஒளிந்துகொண்டாள், ஒளிகிறவளை யாரால் கண்டுபிடிக்க முடியும் என்று. அதைத்தான் சம்பூர்ணத்தைக் கேட்கச் சொன்னாள். ஏன் ஒளிந்தாய்?

இல்லை என்று கன்னியம்மா கையாட்டினாள். ஒரு கை சன்னல் வழியாக உள்ளே வந்ததாகக் காட்டினாள். பிறகு தன் வயிற்றைத் தொட்டாள், வாயைத் தொட்டாள். எழுந்து நடந்து வருவது போல இரண்டு விரலைப் போர்வைமேல் நடத்தினாள். கையை ஏந்தினாள். பிறகு வெறுமையாக விரித்துக் காட்டிவிட்டுச் சிரித்தாள்.

சம்பூர்ணத்தின் முகம் மாறிப்போயிற்று. டயானாவைப் பார்க்காமலேதான் சொன்னாள்.

“நான் அந்தச் சன்னல் வழியாத்தான்மா அவளுக்கு டெய்லி சோறு குடுக்கறது. கையப் பாத்ததும் நான்னு நெனச்சி எழுந்து வந்துருக்கா. வர்றதுக்குள்ள நீ போயிட்ட.”

டயானா வார்டை விட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். அன்றைக்கு மத்தியானம் அவள் அந்தச் சன்னலருகே இன்னும் ஐந்து விநாடி நின்றிருந்தால் போதும். ஒரு முகம் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றிருக்கும். ஐந்து விநாடி. அதற்குமேல் அவளால் எதையும் யோசிக்க முடியவில்லை. படியில் ஏறி இறங்குகிறவர்கள் இறந்துபோன யாருக்காகவோ அழுகிறாள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, முதல் கட்டடத்திலிருந்து எல்லாப் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். நானூற்றுப் பன்னிரண்டு கட்டடம், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படம். தினமும் விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை. ஒவ்வொரு சன்னலையும், ஒவ்வொரு இருட்டு மூலையையும் வெளிச்சம் ஏற்றிப் பார்த்தாள். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரத்தில் ஒரு பம்ப்செட் அறைக்குள் துணிக்கொடி. பிறகு ஒரு கிடங்கின் மூலையில் பல் பொடி டப்பாவும் சீப்பும்.

தேசம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து பின்னால் நின்று பார்த்தாள். ஓட்டு வீடு ஒன்றின் முன்பக்கப் படம் திரையில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்தது, கதவில் பூட்டு. தேசம்மா குனிந்து வாசலில் விரலை வைத்தாள். அங்கே தரையில் லேசாக வெள்ளைக் கோடு. நான்கு புள்ளிக் கோலம்.

“இது அன்னிக்குக் காலைல போட்டது. ஒரு காலு கூட மிதிக்கல பாரு. கோலம் போட்டவ இல்லாமயா வூடு கீது? இத்த பாத்துக்கினு எப்டிடி காலின்னு எய்துன?”

டயானா சிலேட்டை அந்தக் கோலத்துக்குப் பக்கத்தில்தான் சாய்த்து வைத்திருந்தாள்.

மொத்தம் ஒன்பது தேறியது. ஒன்பதுமே இடிக்கப்பட்டவை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் பூசை முடிந்ததும் அச்சிட்ட படங்களோடு ஸ்கூட்டரில் கிளம்பினாள். இடம் தெரியாமல் அலைந்தாள். சாலை போட்டு முடித்த பகுதிகளில் கட்டடம் எங்கே இருந்தது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்து வயல்காரர்களிடமும் மாடு மேய்க்கிறவர்களிடமும் படத்தைக் காட்டினாள். பம்ப்செட் அறைத் துணி, கரும்பு வெட்ட வந்தவர்களுடையது. அவர்கள் அதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். கிடங்கில் இருந்தவர் ஒரு பைராகி, இப்போது திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறார். இன்னும் ஐந்தில் சீட்டாடுகிறவர்களும் ஆட்டுக்காரர்களும் புழங்கியிருந்தார்கள்.

கோலம் போட்ட வீட்டில் வயதான புருஷன் பெண்சாதி இருந்தார்கள். ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது வீடு இல்லை. பக்கத்து ஊரில் மகள் வீட்டுத் தாழ்வாரத்தில் அவர்களைக் கண்டுபிடித்தாள். அந்தக் கிழவர் படத்தைக் கையில் வாங்கி, இது எங்கள் வீடுதான், இதை நீயா எடுத்தாய் என்று கேட்டார். நான்தான் என்றாள். நீதான் காலி என்று எழுதினாயா என்றும் கேட்டார். அதற்கும் நான்தான் என்றாள். அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மனைவி வாசலிலேயே நின்றாள். மரத்தடிச் சாமியிடம் முறையிடுவதுபோல, பீரோவையாவது எடுத்து வெளியே வைத்திருக்கலாமே என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது ஒரு பள்ளிக்கூடம். சன்னல் திட்டில் கழுவிக் கவிழ்த்த தட்டு, பக்கத்தில் மடித்து வைத்த ஒரு சின்னப் பாவாடை. ஐந்தாறு வயதுப் பெண் குழந்தையுடையதாக இருக்கலாம். டயானா அந்த ஊருக்கு ஏழு முறை போனாள். யாருக்கும் தெரியவில்லை. செங்கல் சூளைக்கு வந்தவர்களாக இருக்கும் என்றார் ஒருவர். அப்படி யாரும் வரவில்லை என்றார் இன்னொருவர். கடைசியில் வலியுல்லாவிடமே போய்க் கேட்டாள். அந்தக் கட்டடத்தை இடித்ததும் அவருடைய ஆட்கள்தான். சைதாப்பேட்டையில் அவர் வீட்டு வாசலில் நின்று படத்தை வெகு நேரம் பார்த்தார்.

“ஹாரன் அடிச்சது ஞாபகம் கீது. உள்ள போய்ப் பாத்தனான்னு கேட்டா…”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறு வாரம் அவரே போன் செய்தார். இடிபாட்டை ஏற்றிப் போன லாரிக்காரர்கள் ஒவ்வொருவரையாகத் தேடிப் பிடித்துக் கேட்டதாகவும், யாரும் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னதாகவும் சொன்னார். பார்க்கவில்லை என்பதற்கு இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளலாமா என்று அவளைக் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

கன்னியம்மா இப்போது செங்கல்பட்டுக்கு அருகே கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓர் இல்லத்தில் இருக்கிறாள். வாக்கர் பிடித்து நடக்கிறாள். குடியிருப்பவர் பட்டியலில் பெயர் இல்லாததால் மாற்று வீடு கிடையாது என்று எழுத்து மூலம் பதில் வந்துவிட்டது. கஸ்தூரிரங்கன் அதற்கு மேல்முறையீடு போட்டுக்கொண்டே இருக்கிறார். மாதத்துக்கு ஒரு முறை டயானா போகும்போது தேசம்மாவும் கூடப் போவாள். கன்னியம்மாவுக்குக் கருவாடு பிடிக்கும் என்று கண்டுபிடித்தது தேசம்மாதான்.

வேலை மறுபடி வந்தபோது டயானா வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் போனாள். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு கட்டடத்துக்குமேல் எடுப்பதில்லை. ஊருக்குள் போனதும் முதலில் டீக்கடை. அந்தக் கட்டடத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு, சொன்னவர் பெயரையும் எழுதிக்கொள்கிறாள். பூட்டியிருந்தால் ஆள் வந்து திறக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். பிறகு டார்ச்சோடு உள்ளே போய் ஒவ்வொரு மூலையாகப் பார்க்கிறாள். தனக்கென்று படம் எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

போன மாதம் மேல்மருவத்தூருக்குத் தெற்கே, எப்போதோ மூடிப்போன ஒரு தபால் அலுவலகம். டீக்கடையில் கேட்டபோது ஒருவரும் இல்லை என்றார்கள். உள்ளே போனாள். பின்னறையில் கோணிப்பை விரித்து ஓர் ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். குனிந்து தோளைத் தொட்டாள். திடுக்கிட்டு எழுந்தவர் வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினார். மனுஷனை நிம்மதியாகத் தூங்க விடமாட்டாயா, உனக்கு வேறு வேலை இல்லையா என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். டயானா நகரவில்லை. அவர் மூச்சு வாங்கி ஓயும்வரை நின்றாள். பிறகு படிவத்தை எடுத்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்டாள்.

எதற்கு என்றார் அவர். எழுதிக்கொள்ள வேண்டும் என்றாள். சந்தேகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் சொன்னார். குடியிருப்பவர் என்ற இடத்தில் அவள் அதை எழுத்துக்கூட்டி எழுதினாள்.